தாயின் கைபேசி எண்

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்த இடத்திலேயேதான் சோலைமலை இன்னும் உட்கார்ந்திருக்கிறார். திண்டுக்கல் நாகல்நகர் வீட்டின் மாடிப்படி. காதில் கைபேசி. கைபேசிக்குள் ஒரு குழந்தை கெக்கெக்கென்று சிரித்துக்கொண்டிருக்கிறது.

'குட்டிமொட்டு' என்கிற குழந்தைச் சாமான் கம்பெனியின் நம்பருக்குப் போட்டால், பேச ஆள் வருகிறவரை பாட்டுக்குப் பதிலாக இந்தச் சிரிப்பைத்தான் ஓடவிடுகிறார்கள். எந்தப் புண்ணியவானின் யோசனையோ தெரியவில்லை. அவன் மட்டும் எதிரில் வந்தால் சோலைமலை என்ன செய்திருப்பார் என்று சொல்வதற்கில்லை. டவுன் பஸ்ஸில் கண்டக்டராகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். படியில் தொங்குகிறவனைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்த கை அது.

வேலையாக இருந்து கதையைத் தவறவிட்டவர்களுக்காக ரெண்டு வார்த்தை. சோலைமலைக்கும் ராமுத்தாய்க்கும் ஒரே மகன், பாண்டியராஜ். ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் வேலை. அவன் மனைவி தீபா, சின்னாளப்பட்டிப் பெண். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போனாள். மாசி மாதம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்த குழந்தை அழவில்லை. அன்றைக்கு அழத் தொடங்கிய இந்தக் குடும்பம், ஆவணி பிறந்தும் இன்னும் சரியாக நிறுத்தவில்லை.

தீபா தாய் வீட்டிலேயே தங்கிவிட்டாள். பாண்டியராஜ் லீவு கிடைக்கும்போதெல்லாம் போய்க் கூப்பிடுவான். "அடுத்த வாரம் வாரேன்" என்பாள். அடுத்த வாரம் வரும், அவள் வரமாட்டாள். அப்படிப்பட்டவள் நேற்று திடீரென்று போன் செய்து, "நாளைக்கு வாரேன் அத்த, நானே பஸ்ல வந்துக்கிறேன், யாரும் கூப்பிட வர வேணாம்" என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் சோலைமலைக்கு விடிந்ததிலிருந்து இந்தத் தவிப்பு.

அவள் வருகிற நேரத்தில் பெட்டி வந்துவிடக் கூடாது.

பெட்டி எப்படி வர ஆரம்பித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறக்காத பிள்ளைக்கு ஒரு கந்தைத் துணிகூடக் கடையில் வாங்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். ராமுத்தாய் அதில் ரொம்பக் கறார். சோலைமலைக்கோ கை சும்மா இருக்கவில்லை. பேரப்பிள்ளை வரப்போகிறது; எதையாவது வாங்கி அடுக்க வேண்டும் போல் ஒரு பரபரப்பு. வாங்கத்தானே கூடாது? அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். குழந்தைத் துணிக்கடை, மருந்துக்கடை, பொருட்காட்சி என்று எங்கே இலவசக் கூப்பன் கொடுத்தாலும் நின்று நிதானமாக அழகான கையெழுத்தில் பூர்த்தி செய்து பெட்டியில் போட்டுவிடுவார். "நாம வாங்கலடி, அவுகளா அனுப்புறாக" என்று ராமுத்தாயிடம் சட்டம் பேசலாம் என்பது திட்டம்.

குட்டிமொட்டுக்காரர்கள் அவர்களாகத்தான் அனுப்பினார்கள். கூப்பனில் எழுதிய பிரசவத் தேதியை வைத்து, மாசிக்குப் பிறகு ஒவ்வொரு மாதமும், தவறாமல்.

முதல் பெட்டி வந்த அன்று வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினார். 'உங்களைச் சந்திக்க முடியவில்லையே!' என்று ஒரு சிவப்பு இதயம் ஒட்டி அதே பெட்டி திரும்பி வந்தது. அடுத்ததைக் குப்பை வண்டியில் போடக் கொண்டுபோனார். அட்டைமேல் அச்சடித்த குழந்தை முகம், மீன் செதிலுக்கும் வாழை இலைக்கும் நடுவில் மல்லாந்து கிடந்து அவரைப் பார்த்துச் சிரித்தது. மனசு கேட்கவில்லை. எடுத்து, துடைத்து, சட்டைக்குள் மறைத்துத் தூக்கிவந்துவிட்டார். பின்தெருவில் கைக்குழந்தை வைத்திருக்கும் வீட்டுக்காவது கொடுத்துவிடலாம் என்று ஒருநாள் வாய்விட்டபோது ராமுத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "இல்லாமப் போன புள்ளைக்கு வந்தத இருக்கிற புள்ளைக்குக் குடுப்பீகளா? ஒங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா?"

ஆக, திருப்பவும் முடியாது, எறியவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. வந்ததெல்லாம் மாடிப்படிக்கு அடியில் மோட்டார் அறையில், சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது.

சிரிப்புச் சத்தம் நின்றது.

"வணக்கம், குட்டிமொட்டு குடும்பத்துக்கு உங்களை வரவேற்கிறோம். நான் அனிஷா பேசறேன். பாப்பா எப்படி இருக்காங்க சார்?"

"நல்லா இருக்காக" என்று அவர் வாய் தன்னால் சொல்லிவிட்டது. யார் எப்படி இருக்கிறார்கள் என்று எவர் கேட்டாலும் அப்படியே சொல்லிப் பழகிய வாய். சொன்ன பிறகு அந்த வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்றிருந்தது.

"இந்தப் பெட்டி அனுப்புறத நிறுத்தணும்மா."

"கண்டிப்பா சார். காரணம் மட்டும் சொல்லுங்க. பாப்பா வளர்ந்துட்டாங்க, வேற பிராண்டுக்கு மாறிட்டீங்க, வீடு மாறிட்டீங்க. இதுல எது சார்?"

"இதுல எதுவும் இல்லம்மா."

"ஏதாவது ஒண்ணைச் சொன்னாத்தான் சார் எனக்கு அடுத்த பக்கம் திறக்கும்."

சோலைமலை அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். ராமுத்தாய் எண்ணெயில் எதையோ தாளித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தை நம்பி, கையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னார்.

"புள்ள இல்லம்மா. பொறக்கும்போதே இல்ல."

அந்தப் பக்கம் பின்னணியில் வேறு யாரோ வேறு யாருக்கோ வாழ்த்துச் சொல்வது மட்டும் கேட்டது.

"சாரி சார். ரொம்ப சாரி." அந்தப் பெண்ணின் குரல் நிஜமாகவே இறங்கியிருந்தது. "ஆனா சார்... அதுக்கு இதுல ஆப்ஷன் இல்ல." கொஞ்சம் தயங்கிவிட்டு, "பாப்பா வளர்ந்துட்டாங்கன்னு போட்டுக்கட்டுமா சார்?" என்று கேட்டாள்.

அவள்மேல் கோபப்பட அவரால் முடியவில்லை. அவளுக்கும் திறக்க வேண்டிய பக்கம் ஒன்று இருக்கிறது.

"என்னமோ ஒண்ணு போட்டுக்க தாயி."

"தேங்க்ஸ் சார். ஓ.டி.பி. அனுப்பிட்டேன். அந்த நம்பரைச் சொன்னா உடனே நிறுத்திடலாம்."

"எனக்கு ஒண்ணும் வரலையேம்மா."

"உங்களுக்கு வராது சார். பதிவு பண்ணினது தாயோட நம்பர். அங்கதான் போகும்."

சோலைமலை படியிலிருந்து எழுந்துவிட்டார். 'தாயின் கைபேசி எண்' என்று கூப்பனில் ஒரு வரி இருந்ததும், அதில் தீபாவின் எண்ணைக் கட்டத்துக்கு ஒன்றாக அச்சுப்போல எழுதியதும் இப்போதுதான் ஞாபகம் வந்தது. கண்டக்டர் கையெழுத்தா இது என்று கடைக்காரன்கூடப் பாராட்டினான்.

"அது வேணாம்மா! அத அனுப்பாத! வேற வழி இல்லையா?"

"அது போயிடுச்சு சார். அவங்க சொன்னாத்தான் நிறுத்த முடியும். உங்க பாதுகாப்புக்காகத்தான் சார்."

இந்த உலகத்தில் எவளுக்குத் தெரியக் கூடாது என்று இத்தனை மாதம் மறைத்தாரோ, அவளிடமே கேட்டால்தான் நிற்குமாம். போனை வைத்துவிட்டார். இந்நேரம் பஸ் ஏறியிருப்பாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். போன் பைக்குள் கிடக்கட்டும், பையைத் திறக்காமலே வந்து சேரட்டும் என்று குலசாமியை வேண்டிக்கொண்டார். குலசாமிக்கு ஓ.டி.பி. பற்றி என்ன தெரியும் பாவம்.

அடுப்படியிலிருந்து ராமுத்தாய் வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "என்னங்க, ஆரத்தி எடுக்கவா வேணாமா?" என்று கேட்டாள். "வெறுங்கையோட வர்ற புள்ளைக்கு எடுத்தா அவ மனசு என்ன பாடு படும்? எடுக்காட்டி, ஒதுக்கிட்டாகன்னு நெனைப்பாளோ?"

"எடுக்காத. சும்மா வான்னு சொல்லு."

"மொச்சக்கொட்ட போட்டுக் கருவாட்டுக் கொழம்பு வச்சிருக்கேன். தொட்டுக்க வெஞ்சனத்துக்கு அவரக்கா. அவளுக்குப் புடிக்குமே." பிடித்ததைச் சமைப்பதைத் தவிர அவளுக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. உள்ளே போய்விட்டாள்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்ற சத்தம் கேட்டது. தீபாவோ என்று பதறி ஓடினார். கூரியர் ஆனந்தி. வழக்கமாக இந்தத் தெருவுக்குச் சாமான் கொண்டுவருகிறவள் அவள்தான். ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் பெரிதாக ஒரு மஞ்சள் பெட்டி. 'செல்லக்குட்டிக்கு ஆறு மாதம்! முதல் சோறு ஊட்டும் திருநாள் வாழ்த்துகள்!' என்று தெருவுக்கே தெரிகிற எழுத்து.

"ஐயா, கையெழுத்துப் போடுங்க."

"இன்னிக்கு வேணாம்மா. மருமக வர்ற நேரம், மோட்டார் அறையிலயும் எடமில்ல. திருப்பிக் கொண்டுபோயிரு."

ஆனந்திக்கு விஷயம் தெரியும். தெரிந்ததனால்தான் பெட்டியை இறக்காமல் யோசித்தாள். "வேணாம்னு போட்டா ஏன் வேணாம்னு அவுக ஒரு தடவ கூப்புடுவாக, எங்க ஆபீஸ் ஒரு தடவ கூப்புடும். அதுவும் தீபாக்கா போனுக்குத்தான் போகும். வீடு பூட்டியிருக்குன்னு போட்டா கேள்வி இல்ல, நாளைக்குக் கொண்டாந்தாப் போதும்."

"அப்ப அதையே போடு தாயி."

"பூட்டுன கதவ போட்டோ எடுத்து ஏத்தணும் ஐயா. இல்லாட்டி என் சம்பளத்துல கை வப்பாங்க."

இந்த இடத்தில் சோலைமலை செய்த காரியத்தைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. திண்டுக்கல்காரர் அல்லவா, பூட்டுக்கா பஞ்சம்? ஜன்னல் திட்டில் கிடந்த பெரிய பூட்டை எடுத்தார். கிரில் கதவை இழுத்துச் சாத்தினார். உள்ளே கட்டிய மனைவி கருவாட்டுக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருக்க, வெளியே நின்று தம் வீட்டைத் தாமே பூட்டினார். அழுத்தினால் பூட்டிக்கொள்கிற ரகம் அது. சாவி உள்ளே ஆணியில் தொங்குகிறது என்பது பூட்டிய பிறகுதான் உறைத்தது.

"எடும்மா, சட்டுனு எடு."

ஆனந்தி போனை உயர்த்தினாள். "ஐயா, நீங்க தெரியுறீக. தள்ளி நில்லுங்க." அவர் சுவரோரமாக ஒதுங்கினார்.

"என்னங்க!" உள்ளேயிருந்து ராமுத்தாய் கத்தினாள். "யாருங்க வெளிய பூட்டுனது?"

"சும்மா இரு புள்ள, செத்த நேரம்!"

"மாமா?"

அந்தக் குரல் தெருப்பக்கத்திலிருந்து வந்தது.

கையில் ஒரு சின்னப் பையோடு தீபா நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. பூட்டிய கிரில் கதவைப் பார்த்தாள். கம்பிக்குப் பின்னால் கரண்டியோடு நிற்கும் மாமியாரைப் பார்த்தாள். சுவரோடு ஒட்டி நிற்கும் மாமனாரைப் பார்த்தாள். அரை வருடம் கழித்துத் துணிந்து திரும்பி வருகிற மருமகளுக்கு அந்த வீடு கொடுத்த வரவேற்பு இது.

சோலைமலைக்குச் செத்துவிடலாம் போல் இருந்தது. "வாத்தா... அது வந்து... பூட்டு சரியா இருக்கான்னு பாத்தேன்" என்றார். இதைவிட மட்டமான பொய்யை அந்த மனிதர் வாழ்நாளில் சொன்னதில்லை.

தீபாவின் பார்வை அவரைத் தாண்டி ஸ்கூட்டருக்குப் போனது. மஞ்சள் பெட்டியில் நின்றது. ஆனந்தி ஓர் அடி நகர்ந்து தன் உடம்பால் அதை மறைக்கப் பார்த்தாள். பெட்டி அவளைவிட அகலம்.

"அதக் குடுங்கக்கா," என்றாள் தீபா. "என் பேருக்குத்தான் வந்திருக்கு. எங்க கையெழுத்துப் போடணும்?"

யாரும் தடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள். பெட்டியை இடுப்பில் வாங்கிக்கொண்டாள், குடத்தை வாங்குவது போல. ஆனந்தி யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியைக் கிளப்பிப் போய்விட்டாள்.

ராமுத்தாய் கம்பி வழியாகச் சாவியை நீட்டினாள். சோலைமலை வாங்கித் திறக்கப் பார்த்தார். சாவி துவாரத்தில் ஏறவில்லை. தீபாதான் வாங்கித் திறந்தாள். "வாத்தா" என்று ராமுத்தாய் அவள் தோளைத் தொட்டு உள்ளே கூட்டிப்போனாள்.

கூடத்தில் பெட்டியை நடுவில் வைத்துவிட்டுத் தீபா தரையில் உட்கார்ந்தாள். ராமுத்தாய் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்த பிறகு கேட்டாள்.

"மத்ததெல்லாம் எங்க மாமா?"

"எது தாயி?"

"நீங்க வாங்கி வச்சதெல்லாம்." அவள் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "ஒவ்வொரு பெட்டிக்கும் எனக்கு மெசேஜ் வருது மாமா. 'உங்கள் பார்சல் சோலைமலையிடம் ஒப்படைக்கப்பட்டது'ன்னு. மாசாமாசம் வருது. இன்னிக்கு பஸ்ல வரும்போதுகூட பெட்டிய நிறுத்தன்னு ஏதோ நம்பர் வந்துச்சு."

சாக்குப் போட்டு மூடியதும் சட்டைக்குள் மறைத்ததும் வீண்; பெட்டி வந்தது ஒவ்வொன்றும் அவளுக்கு அன்றன்றைக்கே தெரிந்துகொண்டிருந்திருக்கிறது. அது தெரியாமல் இருந்தவர் சோலைமலைதான்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா?" தீபா பெட்டியின் மூலையை நகத்தால் சுரண்டினாள். "அடுத்ததுக்குச் சேத்து வக்கிறாகன்னு நெனச்சேன். போனதப் பத்தி ஒரு வார்த்த பேசல, அதுக்குள்ள அடுத்ததுக்கு ஆச வந்திருச்சு இவுகளுக்குன்னு. இந்த வீட்டுக்கு வந்தா சாமானா அடுக்கி வச்சிருப்பாக, என் வயித்தப் பாத்துக்கிட்டே இருப்பாகன்னு பயம். அதான் அடுத்த வாரம் அடுத்த வாரம்னு சொன்னேன்."

"அய்யோ இல்லத்தா!" ராமுத்தாய் நெஞ்சில் கை வைத்தாள். "ஒனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் ஒளிச்சு வச்சாரு அந்த மனுசன். எறிய மனசில்லாம..."

"எறிய மனசில்ல தாயி," என்றார் சோலைமலை. "எல்லாத்துலயும் மொகம் போட்டிருக்கான்." துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அழுகையில் அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்த காரியம் அவளை இந்தப் படி ஏறவிடாமல் நிறுத்தியிருக்கிறது. அதை இனி எந்த நம்பருக்குப் போட்டும் மாற்ற முடியாது.

தீபா அவர் அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பிறகு தன் போனை எடுத்தாள்.

"எந்த நம்பர் மாமா? நானே சொல்லி நிறுத்திர்றேன். ஒங்களால முடியாது."

போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். இந்தத் தடவை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அதே அனிஷா. காலையில் பேசியவரின் வீடு என்று தெரிந்ததும் பாப்பா எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

"பதிவான நம்பர்லேர்ந்தே கூப்பிட்டிருக்கீங்க மேடம், அதனால ஓ.டி.பி. வேண்டாம். ஒரே ஒரு விவரம் மட்டும் சரிபார்க்கணும். கேக்கறதுக்கு மன்னிச்சுக்கங்க. கூப்பன்ல குழந்தைக்கு வைக்கப்போற பேருன்னு எழுதியிருக்கீங்க. அது என்ன மேடம்?"

தீபாவுக்குப் புரியவில்லை. "பேரா? பேரு எதுவும் வைக்கலையே" என்றாள்.

வைக்கவில்லைதான். பதினாறாம் நாள் தொட்டிலில் போட்டு வைக்க வேண்டிய பேர். ஆஸ்பத்திரிக் காகிதத்தில்கூடத் 'தீபாவின் பெண் குழந்தை' என்றுதான் இருக்கிறது. போட்டோ கிடையாது. மண்ணுக்குக் கொடுத்த இடத்தில் கல் கிடையாது. பேச்சு வந்தால் வீட்டில் எல்லோரும் 'அது' என்றுதான் சொன்னார்கள்.

சோலைமலை துண்டை இறக்கினார்.

"இளவேனில்," என்றார்.

ராமுத்தாய் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கே இது புதுச் செய்தி.

"எழுதச் சொல்லி ஒரு கட்டம் இருந்துச்சு தாயி. சும்மா விட மனசு வரல. பொம்பளப் புள்ளையோ ஆம்பளப் புள்ளையோ, ரெண்டுக்கும் ஆகட்டும்னு எழுதினேன். பெறகு ஒங்ககிட்ட எல்லாம் கேட்டுக்கலாம்னு..."

"சரியா இருக்கு மேடம்," என்றது போன். "இளவேனில். நிறுத்திடட்டுமா? நிறுத்தினா இதுல இருக்கற பாப்பா பேரு, மத்த விவரம் எல்லாமே அழிஞ்சிடும். அப்புறம் எங்களாலயும் எடுக்க முடியாது."

அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. ராமுத்தாய் எழுந்திருக்கவில்லை. காலையில் நிறுத்து நிறுத்து என்று அதே பெண்ணிடம் கெஞ்சிய சோலைமலைக்கு, இப்போது 'வேணாம்மா' என்று குறுக்கே விழ வேண்டும் போல் இருந்தது. அதைச் சொல்லத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா? நிறுத்திடலாமா?"

"செத்த இருங்கம்மா," என்றாள் தீபா. போனைக் கையால் பொத்திக்கொண்டு மாமனாரிடம் திரும்பினாள். வந்ததிலிருந்து அவள் கண் கலங்கியது அப்போதுதான்.

"மாமா, அந்தப் பேர இன்னொருக்காச் சொல்லுங்க."